திவாலானாலும் தீராத பாக்கி

தேக்கா நிலையத்துக் கோப்பிக்கடை மேசைகளில் பணக்கஷ்டம் பற்றிப் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் வழி சொல்லிவிடுவார்: "பேசாம பேங்க்ரப்ட் ஆயிடு, எல்லாக் கடனும் போயிடும்." கிரெடிட் கார்டு, உரிமம் பெற்ற வட்டிக்கடை, கூட்டாளியோடு சேர்ந்து ஆரம்பித்து மூடிய கடையின் பாக்கி என்று பட்டியல் நீளும். முன்னாள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் கட்ட வேண்டிய ஜீவனாம்சமும் அந்தப் பட்டியலில் சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். கட்ட வேண்டியவருக்கு இது ஒரு நம்பிக்கை. வாங்க வேண்டியவருக்கு இதே செய்தி பயம்.

நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை, பயத்துக்கும் முழு அடிப்படை இல்லை. குடும்ப நீதிமன்றம் போட்ட ஜீவனாம்ச உத்தரவை நொடிப்பு ஆணை ரத்து செய்வதில்லை. சிங்கப்பூரில் மட்டும் இல்லை; லண்டன், வாஷிங்டன், டெல்லி என்று எங்கே போனாலும் சட்டம் ஏறத்தாழ இதையே சொல்கிறது. அதுவும் நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருகிறது. அப்படியானால், சட்டம் கைவிடாத ஒரு பெண் மாதக் கடைசியில் வெறுங்கையோடு நிற்பது எப்படி? இந்தக் கட்டுரை தேடுவது அதற்கான விடையைத்தான்.

ஒரு கணக்கு

ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, சட்டம் நிஜம். மாதச் சம்பளம் 3,800 வெள்ளி. விவாகரத்தின்போது இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் 1,200 வெள்ளி கட்டச் சொல்லி உத்தரவு. எட்டு மாதமாகக் கட்டவில்லை. பாக்கி 9,600 வெள்ளி. வங்கிக்கும் கார்டுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து 170,000 வெள்ளி கடன். ஒரு வங்கி உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது.

இன்று சிங்கப்பூரில் ஒருவரை நொடித்தவராக அறிவிக்கக் கோருவதற்குக் கடன் குறைந்தது 15,000 வெள்ளி இருக்க வேண்டும். கொவிட் காலத்தில், 2020 ஏப்ரல் 20 முதல் ஆறு மாதங்களுக்கு, இந்த வரம்பை அரசாங்கம் 60,000 வெள்ளியாக உயர்த்தி வைத்திருந்தது. மொத்தக் கடன் 150,000 வெள்ளிக்கு மேல் போகாமல் இருந்தால், கடனைத் தவணையில் அடைக்கும் திட்டத்தில் சேர்த்து, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளில் கட்டி முடிக்க வழி உண்டு. அந்தத் திட்டம் 2009ல் வந்தது. நம் மனிதரின் கடன் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. நீதிமன்றம் நொடிப்பு ஆணை பிறப்பிக்கிறது. 2020 ஜூலை 30 முதல் இதற்கெல்லாம் ஆதாரமாக இருப்பது நொடிப்பு, மறுசீரமைப்பு, கலைப்புச் சட்டம்.

அந்த ஆணையின் தேதிதான் ஜீவனாம்சத்தை இரண்டாகப் பிளக்கும் கோடு.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது பழைய 9,600 வெள்ளி. சிங்கப்பூரின் குடும்பச் சட்டமான மாதர் சாசனத்தின் 121ஆம் பிரிவு, நொடிப்பு ஆணைக்கு முன்பே கட்டியிருக்க வேண்டிய ஜீவனாம்சப் பாக்கியை மற்றக் கடன்களைப் போலவே நிரூபித்துக் கோரலாம் என்கிறது. கேட்பதற்குச் சலுகை மாதிரி தெரியும். உண்மையில், வங்கிகள் நிற்கும் அதே வரிசையில் பிள்ளைகளின் தாயையும் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஊழியரின் சம்பளப் பாக்கி, வரி போன்ற சிலவற்றுக்கு அந்த வரிசையில் முன்னிடம் உண்டு. ஜீவனாம்சத்துக்கு இல்லை.

நொடித்தவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் அரசு அதிகாரியான அஃபிஷியல் அசைனி, அல்லது அவருக்குப் பதில் அமர்த்தப்படும் தனியார் அறங்காவலர், சில ஆண்டுகளில் 30,000 வெள்ளி திரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவுகளையும் முன்னுரிமைக் கடன்களையும் மறந்துவிட்டுப் பங்கு பிரித்தால் அந்த 9,600 வெள்ளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,600 வெள்ளி. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கார்டு நிறுவனத்தின் வட்டியும் ஒரே விகிதத்தில். இது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்பதே இந்தக் கட்டுரையின் நிலை. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பிணையற்ற கடன்களின் வரிசையில் குடும்பப் பராமரிப்புக் கடன்களுக்கே முதலிடம். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்பதற்குச் சட்டக் காரணம் எதுவும் இல்லை.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நிலைமை வேறு. ஆணைக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் விழும் 1,200 வெள்ளி அந்த வரிசைக்கே போவதில்லை. நொடிப்பு ஆணை வந்துவிட்டால் வங்கிகள் பழைய கடனுக்காக நீதிமன்ற அனுமதியில்லாமல் தனித்தனியே வழக்குப் போட முடியாது. அந்தத் தடை புதிதாக விழும் ஜீவனாம்சத்தைத் தொடுவதில்லை. அவர் நொடித்தவராக இருக்கும் காலம் முழுவதும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கிருந்து கட்டுவார்? நொடித்தவரின் சம்பளம் முழுவதையும் யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. 2016 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ள முறைப்படி அவர் மொத்தம் எவ்வளவு செலுத்த வேண்டும் என்று ஓர் இலக்குத் தொகை நிர்ணயிக்கப்படுகிறது. முதல்முறை நொடித்தவருக்கு அது 52 மாதத் தவணைக் கணக்கு. இரண்டாம் முறை என்றால் 76. அந்தத் தொகையைக் கணக்கிடும்போது அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நியாயமாகத் தேவைப்படும் செலவு முதலில் ஒதுக்கப்படுகிறது. அப்படிப் பார்த்தால், வங்கிக்குப் போகும் பணம் பிள்ளைகளின் பங்கு போக மிஞ்சியதாக இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். நொடித்தவர் தம் செலவுப் பட்டியலில் 1,200 வெள்ளியை எழுதிக் காட்டிவிட்டு, கட்டாமல் இருந்துவிட்டால்? பெயரளவில் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய பணம் அவர் சட்டைப்பைக்குப் போகும். இதைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான்: அந்தப் பணம் வந்து சேராத தாய். வந்ததா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிப்பது அவர் கையில் இருக்கிறது. பெரும்பாலோர் 'அவர்தான் திவால் ஆகிட்டாரே' என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

மஞ்சள் கடுதாசியும் மனைவியும்

ஜீவனாம்சத்தைக் கடனோடு சேர்க்கக் கூடாது என்ற யோசனை இங்கே பிறந்ததில்லை. நீரிணைக் குடியேற்றங்களின் 1888ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம், 1883ன் ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அந்த ஆங்கிலச் சட்டத்தின் கீழ் 1885ல் லிண்டன் எதிர் லிண்டன் வழக்கில் ஒரு கேள்வி எழுந்தது. மனைவிக்கு இனி வரவிருக்கும் ஜீவனாம்சத்தை மொத்தமாக மதிப்பிட்டு, கணவரின் மற்றக் கடன்களோடு சேர்த்துத் தீர்த்துவிட முடியுமா? முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். நீதிமன்றம் நினைத்தால் அந்தத் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். இன்று இருப்பது நாளை இருக்காத ஒன்றுக்கு எந்தக் கணக்கன் விலை போடுவான்?

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே முடிவு வேறு வழியாக வந்தது. 1901ல் ஆடுபான் எதிர் ஷூஃபெல்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கணக்குச் சிக்கலைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. மனைவியைக் காப்பது கணவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் வந்த கடன் அல்ல, இயல்பாகவும் சட்டப்படியும் அவர் மேல் இருக்கும் கடமை. ஆகவே திவால் சட்டத்தின் விடுதலை அதற்கு எட்டாது என்றது. 1903ல் அந்நாட்டு நாடாளுமன்றம் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது.

சென்னையில் இந்த விவகாரம் இன்னும் பச்சையாகப் புரியும். கடன்காரர்களுக்கு ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார், ஐ.பி. கொடுத்துவிட்டார் என்றால் அவர் திவாலாகிவிட்டார் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1909லும் மற்ற ஊர்களுக்கு 1920லும் பிரிட்டிஷ் அரசு நொடிப்புச் சட்டங்கள் கொண்டுவந்தது. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த நகரத்தார் அறிந்த உலகம் அது. கடல் தாண்டிக் கொடுத்த கடன், கடல் தாண்டி வராமல் போன கடன் எல்லாம் இந்தச் சட்டங்களின் வாசலில்தான் வந்து நின்றன. 1920 சட்டத்தின் 44ஆம் பிரிவில் ஒரு சிறு வரி உண்டு. விடுதலை பெற்ற கடனாளி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் போட்ட ஜீவனாம்ச உத்தரவிலிருந்து விடுபட மாட்டார் என்கிறது அது. செட்டியாருக்குத் தர வேண்டியது போகலாம். மனைவிக்குத் தர வேண்டியது போகாது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு நொடிப்பு, திவால் சட்டமும் இதைத் தொடர்கிறது. எந்தச் சட்டத்தின் கீழும் ஒருவருக்குத் தர வேண்டிய ஜீவனாம்சம், அபராதம், மாணவர் கடன் ஆகியவை அதில் விலக்கப்பட்ட கடன்கள். விடுதலை ஆணை அவற்றைத் தீண்டாது. தனிநபர்களுக்கான அந்தப் பகுதி, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நடப்புக்கு வரவில்லை என்பதால் 1909, 1920 சட்டங்கள் கிழடு தட்டிய பிறகும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

2024 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போனது. குஜராத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கு அது. மனைவிக்கு மாதம் ஒரு லட்சம், பிள்ளைகளுக்குத் தலா 50,000 ரூபாய் என்று உயர் நீதிமன்றம் போட்டிருந்தது. வைரத் தொழிற்சாலை நஷ்டத்தில் ஓடுகிறது, கட்ட வழியில்லை என்றார் கணவர். நீதிபதிகள் சூர்ய காந்த், உஜ்ஜல் புயான் அமர்வு தொகையை 50,000, 25,000 என்று பாதியாகக் குறைத்தது. ஆனால் பழைய பாக்கி விஷயத்தில் அமர்வு விட்டுக்கொடுக்கவில்லை. ஜீவனாம்ச உரிமை கண்ணியமாக வாழும் உரிமையின் ஒரு பகுதி, அடிப்படை உரிமைக்கு ஈடானது. ஆகவே அது பிணை பெற்ற கடன்காரர்களின் உரிமைக்கும் மேலே நிற்கும் என்றது. கட்டாவிட்டால் கணவரின் அசையாச் சொத்தை ஏலம் விட்டுப் பாக்கியை வசூலிக்கலாம் என்றும் வழி காட்டியது.

பாக்கிக்கு வரிசையில் எந்த இடம் என்ற கேள்விக்கு இது தெளிவான பதில். சிங்கப்பூர் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. படிக்கத் தடையில்லை.

சிறைக்கு அனுப்பும் ஒரே பாக்கி

1961க்கு முன் சிங்கப்பூரில் ஓர் இந்து ஆண் வழக்கப்படி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டாலும் சட்டம் கேட்காது. அந்த ஆண்டு செப்டம்பர் 15ல் நடப்புக்கு வந்த மாதர் சாசனம் அதை முடித்து வைத்தது. இன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் தாலி கட்டினாலும், மாலை ஓட்டலில் விருந்து வைத்தாலும், அந்தக் கல்யாணம் சாசனத்தின் கீழ் பதிவானால்தான் செல்லும். பிரிந்தால் போக வேண்டிய இடம் ஹேவ்லாக் சதுக்கத்தின் குடும்ப நீதிமன்றம். தமிழ் முஸ்லிம்களின் விவாகரத்து ஷரியா நீதிமன்றத்தில் நடக்கும். மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் இத்தா காலத்தின் பராமரிப்பும் முத்ஆ என்ற ஆறுதல் தொகையும் அங்கே தீர்மானமாகும். பிள்ளைகளின் மாதச் செலவு என்று வரும்போது அவர்களும் குடும்ப நீதிமன்றத்தின் வாசலுக்குத்தான் வருகிறார்கள்.

வங்கிக்கு ஐந்து லட்சம் வெள்ளி பாக்கி வைத்தவரை, ஏமாற்று வேலை எதுவும் இல்லாதவரை, சிறையில் போட மாட்டார்கள். பிள்ளைக்கு 800 வெள்ளி பாக்கி வைத்தவரைப் போடலாம். சாசனத்தின்படி, கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய்விட்டு வந்தால் பாக்கி கழிந்துவிடும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்காகச் சட்டம் முன்யோசனையோடு இன்னொரு வரியும் எழுதியிருக்கிறது: சிறை சென்றதால் பாக்கி குறையாது. இவை தவிர, வேறொருவர் அவருக்குத் தர வேண்டிய பணத்தை நேரே மனைவிக்குத் திருப்பலாம். முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டச் சொல்லலாம். வங்கி உத்தரவாதம் கேட்கலாம். சமூக சேவை விதிக்கலாம்.

இத்தனை ஆயுதம் இருந்தும் நெடுங்காலம் குறை ஒன்று இருந்தது. நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி, கட்ட முடியவில்லையா, கட்ட மனமில்லையா என்பதே. அதற்குப் பதில் அவருடைய வங்கிக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை மனைவியால் பார்க்க முடியாது. மாதச் சம்பளக்காரர் என்றால் ஓரளவு தெரியும். கடை வைத்திருப்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர், ரொக்கமாகக் கூலி வாங்குபவர் என்றால், வேலைக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த தாய் அவருடைய வருமானத்தைத் துப்பறிந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம் மறுபடி பாக்கி. மறுபடி மனு.

இதற்கு மாற்றாக 2023 மே மாதம் நாடாளுமன்றம் குடும்ப நீதிச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜனவரி 16ல் அதன் கீழ் புதிய அமலாக்க நடைமுறை தொடங்கியது. சட்ட அமைச்சின் ஜீவனாம்ச அமலாக்க அதிகாரிகள் வங்கிகளிடமிருந்தும் அரசாங்க அமைப்புகளிடமிருந்தும் இரு தரப்பின் பண நிலையை நேரடியாகக் கேட்டுப் பெறலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் கண்டதை நீதிமன்றத்துக்கு அறிக்கையாகக் கொடுப்பார்கள். ஷரியா நீதிமன்ற உத்தரவுகளுக்கும், வயதான பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பெறும் பராமரிப்பு உத்தரவுகளுக்கும் இது பொருந்தும். பணம் இருந்தும் கட்டாதவர் ஒரு பக்கம், உண்மையிலேயே இல்லாதவர் மறுபக்கம் என்று பிரித்துப் பார்ப்பதே இதன் நோக்கம்.

நொடிப்பு விஷயத்துக்கும் இதற்கும் உள்ள உறவு பலர் கண்ணில் படவில்லை. அஃபிஷியல் அசைனியிடம் நொடித்தவர் தம் வரவு செலவைச் சொல்லியாக வேண்டும். அமலாக்க அதிகாரியும் அதே மனிதரின் வரவு செலவைத் தோண்டுகிறார். ஓர் இடத்தில் 'மனைவிக்கு மாதம் 1,200 கட்டுகிறேன்' என்றும், இன்னோர் இடத்தில் 'கட்ட முடியவில்லை' என்றும் சொல்வது முன்பைவிட இப்போது கடினம்.

பொய்த் திவால், நிஜத் திவால்

ஸ்காட் யங் கதை பிரிட்டனில் எல்லோருக்கும் தெரியும். கோடீஸ்வரரான அந்தச் சொத்து வணிகர், மனைவியைப் பிரிந்த காலத்தில் தம் பணம் அத்தனையும் போய்விட்டது என்றார். 2010ல் திவாலாக அறிவிக்கப்பட்டார். தம் கணக்கு விவரங்களை நீதிமன்றத்துக்குத் தராததால் 2013 ஜனவரியில் ஆறு மாதச் சிறைத் தண்டனை. அந்த ஆண்டு நவம்பரில் நீதிபதி மூர், அவர் 45 மில்லியன் பவுண்ட் மறைத்து வைத்திருக்கிறார் என்று முடிவு செய்து, மனைவிக்கு 20 மில்லியன் பவுண்ட் கொடுக்க உத்தரவிட்டார். திவாலானவருக்கு 20 மில்லியன்! அடுத்த ஆண்டு டிசம்பரில் யங் இறந்தார். இங்கிலாந்தின் 1986ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 281ஆம் பிரிவு, குடும்ப வழக்கில் பிறந்த கடன் விடுதலைக்குப் பிறகும் நிற்கும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எழுதி என்ன பயன்? உத்தரவு உயிரோடு இருந்தது, பணத்தைக் காணவில்லை.

சிங்கப்பூரில் இவ்வளவு பெரிய தொகைகள் அபூர்வம். தந்திரங்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வழக்கு வரும் என்று தெரிந்ததும் கடையைத் தம்பி பெயருக்கு மாற்றுவது, நகையை அக்கா வீட்டில் வைப்பது, பஃப்ளோ ரோட்டில் தங்கமாக வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டுக் கையை விரிப்பது. சாசனத்தின் 132ஆம் பிரிவு, ஜீவனாம்சத்தைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்தோடு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் கைமாற்றிய சொத்தைத் திருப்பிவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நொடிப்புச் சட்டத்திலும் அடிமாட்டு விலைக்குக் கைமாறிய சொத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஆக, பொய்யாகத் திவாலாகும் ஒருவர் இரண்டு கண்களின் பார்வையில் ஒரே நேரத்தில் நிற்கிறார்.

போதாததற்கு நொடிப்பு சுகமான ஒளிவிடமும் அல்ல. அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போக முடியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போகவும் அஃபிஷியல் அசைனியின் சம்மதம் வேண்டும். தாம் நொடித்தவர் என்று சொல்லாமல் 1,000 வெள்ளி கடன் வாங்கினால் குற்றம். நிறுவன இயக்குநராக இருக்க முடியாது. காசினோவின் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். சில வீடுகளில் அது ஒன்றே லாபம். அதே சமயம் மத்திய சேமநிதியில் இருக்கும் பணத்தைக் கடன்காரர்கள் தொட முடியாது. சிங்கப்பூரர் ஒருவருக்கு உரிமையுள்ள வீவக வீடும் அவர்கள் கைக்குப் போகாது. வேண்டுமென்றே திவாலாக நினைப்பவர்களுக்கு இந்த இரண்டும் ஆசை காட்டும். ஆனால் விவாகரத்தில் சொத்தைப் பிரிக்கும்போது குடும்ப நீதிமன்றம் சேமநிதியையும் வீட்டையும் தாராளமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதைக் கோப்பிக்கடை ஆலோசகர்கள் சொல்வதில்லை.

நிஜமாகவே நொடிந்துபோனவர்களும் இருக்கிறார்கள். வேலை போய், உடம்புக்கு முடியாமல் போய், உணவுக்கடை மூடிப் போய் நிற்பவரிடம் பழைய 1,200 வெள்ளியைக் கேட்டுச் சிறையில் போட்டால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அவருக்கான கதவு 118ஆம் பிரிவு. நிலைமை உண்மையாகவே மாறிவிட்டது என்று காட்டினால் குடும்ப நீதிமன்றம் தொகையைக் குறைக்கலாம். அவர் செய்யக் கூடாதது ஒன்றே: நொடிப்பு ஆணை தானாக எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்று சும்மா இருப்பது. சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையும் சேர்ந்துகொண்டே போகும். நொடிப்பு ஆணையை மனுவோடு இணைத்துக் காட்டலாம். அது ஓர் ஆதாரம் மட்டுமே. 2016 முதல், உடல்நலம் குன்றித் தம்மைத் தாமே காப்பாற்ற முடியாத கணவரும் மனைவியிடம் பராமரிப்புக் கேட்கலாம் என்பதால், இந்த வாதங்கள் எல்லாம் இருபாலருக்கும் பொருந்தும் காலம் இது.

பாக்கி 15,000 வெள்ளியைத் தாண்டிவிட்டதா, அவரைத் திவாலாக்கிவிடலாமா என்று கோபத்தில் கேட்கும் மனைவிகளும் உண்டு. வழி திறந்தே இருக்கிறது. ஆனால் முன்பணமும் செலவும் மனைவியுடையது, திரளும் பணத்தில் பங்கு எல்லா வங்கிகளுக்கும். பழிவாங்கலாகப் பார்த்தால் திருப்தி. வசூலாகப் பார்த்தால் நஷ்டம். சம்பளத்தில் பிடிக்கும் உத்தரவுக்கு மனுப் போடுவது எவ்வளவோ மேல். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு 1958 முதல் சட்ட உதவிப் பிரிவு இருக்கிறது. படிவங்களும் ஆங்கிலமும் மிரட்டினால் குடும்ப சேவை நிலையத்திலோ பீட்டி ரோட்டில் உள்ள இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலோ யாரிடம் போவது என்று வழிகாட்டுவார்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை: உத்தரவின் நகல், எந்த மாதம் வந்தது எந்த மாதம் வரவில்லை என்ற பட்டியல், அதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை. முன்னாள் கணவர் நொடித்தவரானார் என்று தெரிந்த உடனே பழைய பாக்கியைக் கடன் நிரூபணமாக அஃபிஷியல் அசைனியிடமோ அறங்காவலரிடமோ பதிவு செய்துவிட வேண்டும். பதிவு செய்யாதவருக்குப் பங்கு இல்லை. பதிவு செய்தவருக்கு, முன்னாள் கணவரை நொடிப்பிலிருந்து விடுவிக்கப்போகிறார்கள் என்ற முன்னறிவிப்பு வரும். ஆட்சேபம் சொல்லும் உரிமையும் கிடைக்கும்.

இதில் காலம் முக்கியம். முதல்முறை நொடித்தவர் இலக்குத் தொகையை முழுதாகக் கட்டினால் மூன்று ஆண்டுகளில் வெளியே வர வாய்ப்புண்டு. கட்டாவிட்டால் ஏழு ஆண்டுகள் வரை இழுக்கலாம். 'அவர் முதலில் வெளியே வரட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்' என்று பொறுமையாக இருக்கும் தாய்மார்கள் 121ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் படித்திருக்க மாட்டார்கள். வழக்குப் போடும் நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே விழுந்த பாக்கியை, சிறப்புக் காரணம் காட்டி நீதிமன்றம் அனுமதித்தாலன்றி, வசூலிக்க முடியாது என்கிறது அது.